ஜாதகம் செல்லாது

தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. அந்த அறிவிப்பில் வயதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் கண்டிப்பான வரி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன பிறந்த தேதி இருக்கிறதோ அதுதான் செல்லும். ஜாதகம், பிரமாணப் பத்திரம், நகராட்சியின் பிறப்புப் பதிவு நகல் என்று வேறு எதைக் கொண்டுவந்தாலும் ஏற்பதற்கில்லை. அந்தப் பட்டியலில் ஜாதகத்துக்குத்தான் முதலிடம். என்றைக்கோ ஒரு தகப்பனார், பீரங்கி சுடப் போகிற பிள்ளைக்காக ஓரத்தில் மஞ்சள் தடவிய நோட்டைத் தூக்கிக்கொண்டு டெல்லியில் யூ.பி.எஸ்.சி. இருக்கிற தோல்பூர் ஹவுஸ் வாசலில் போய் நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி ஓர் எச்சரிக்கை எதற்கு?

அந்த வரியை நான் முதலில் படித்தது 2000-ல், பன்னிரண்டாம் வகுப்பில். ஊர் நூலகத்துக்கு வந்த எம்ப்ளாய்மென்ட் நியூஸில், எனக்கு முன்னால் படித்தவர் வடை எண்ணெயைத் துடைத்துவிட்டுப் போன பக்கத்தில். இப்போது நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியன். போன வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி அதே அறிவிப்பைச் செல்போனில் கொண்டுவந்து காட்டினாள். பக்கங்கள் கூடியிருக்கின்றன, பணம் கட்டும் முறை மாறியிருக்கிறது, பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று வந்திருக்கிறது. ஜாதகம் மட்டும் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது.

எனக்கு இரண்டு பிறந்தநாள். முதலாவது அம்மா சொன்னது. "எம்.ஜி.ஆர். அமெரிக்காவுல இருந்து வந்து பதவி ஏத்தாருல்லா, அதுக்கு அடுத்த வாரம்." அவர் பதவியேற்றது 1985 பிப்ரவரி 10. ஆகவே நான் மாசி மாதத்துப் பிள்ளை. இதில் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. என்னைப் பெற்ற வலியை மறந்தாலும் மறப்பாள், அவர் உயிரோடு வந்து இறங்கிய செய்தியை மறக்கமாட்டாள்.

இரண்டாவது பிறந்தநாள் 15.5.1984. இது பெரிய சார் போட்டது.

எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் தலைமை ஆசிரியருக்குப் பெரிய சார் என்று பெயர். 1989 ஜூனில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அம்மா கூட்டிப்போனபோது எனக்கு நாலு வயதும் சில மாதமும். அந்தக் காலத்தில் வயதை நிரூபிக்க ஒரே தேர்வுதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் அஞ்சு வயசு, தொடாவிட்டால் அடுத்த வருஷம். என் விரல் நெற்றிப்பொட்டுக்கு மேலே நின்றுவிட்டது. பெரிய சார் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் தலை குறைவு. தலை குறைந்தால் வாத்தியார் பணியிடம் குறையும். "தலையை இந்தப் பக்கமா கொஞ்சம் சாய்லே" என்றார். சாய்த்தேன். காது வந்து விரலில் இடித்தது. ஒன்பது மாதம் அங்கேயே ஏறிவிட்டது.

மே மாதத் தேதி போட்டதற்கும் காரணம் உண்டு. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்கும், யாரும் கேள்வி கேட்க முடியாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில்தான் பிறந்தோம். எல்லோருடைய பிறந்தநாளும் கோடை விடுமுறையில் வந்ததால் ஊரில் ஒரு பெட்டிக்கடைக்கும் மிட்டாய் வியாபாரம் நடக்கவில்லை. பெரிய சாரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கணக்கில் ஒரு பிள்ளை ஒரு வருடம் தெருவில் சுற்றாமல் உள்ளே வந்தது, அவ்வளவுதான். அந்தத் தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறி, தோல்பூர் ஹவுஸ் வரைக்கும் போய் நிற்கும் என்று அவர் கண்டாரா?

பாதுகாப்பு அகாடமி ஆசையை என் தலையில் ஏற்றியது பட்டாளத்து மாமா. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, தன்னைவிட இளைய லெப்டினென்டுகளுக்குக் காலமெல்லாம் சல்யூட் அடித்தவர். "ஏலே, நீ அதிகாரியா வந்தேன்னா நானே ஒனக்கு விறைப்பா ஒண்ணு வைப்பேன்லே" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையா, பழைய கணக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைய விதி: பயிற்சி தொடங்கும் தேதியில் பதினாறரை வயது நிரம்பியிருக்க வேண்டும், பத்தொன்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. நான் விண்ணப்பித்தது 2001 ஜூலையில் தொடங்கும் பயிற்சிக்கு. கணக்குப் போட்டால் 1985 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவன் வரக் கூடாது. அந்த ஜனவரி 1 அன்று எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். நான் அம்மா வயிற்றில் இருந்தேன். மாசியில் பிறந்த பையனுக்கு அந்தக் கதவு திறக்காது. மே மாதத்துப் பையனுக்குத் தாராளமாகத் திறந்தது. அரசாங்கம் நம்பச் சொன்னது சான்றிதழை, நானும் நம்பினேன். சட்டப்படி எனக்கு வயது சரி. சட்டை மட்டும்தான் தொளதொளவென்று இருந்தது.

சென்னையில் எழுத்துத் தேர்வு. கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும். எப்படியோ தேறிவிட்டேன். அடுத்தது எஸ்.எஸ்.பி. என்கிற நேர்காணல் வாரியம், ஐந்து நாள் சமாச்சாரம். முதல் தடவை வருகிறவனுக்கு ரயில் கட்டணம் சர்க்கார் செலவு என்று தெரிந்ததும் ஊரில் என் மதிப்பு கூடிவிட்டது. மாமா தன் பழைய வெள்ளை கான்வாஸ் ஷூவைச் சுண்ணாம்புக் கட்டி தேய்த்துக் கொடுத்தார். முன்பக்கம் துணி அடைத்துக்கொண்டு போனேன்.

சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் தமிழர், ஒரு சுபேதார். சான்றிதழைப் பார்த்தார். என் மேலுதட்டைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் பார்த்தார். "தேதி சரிதானே தம்பி?" "யெஸ் சார்." பொய் இல்லை. தமிழ்நாடு அரசு முத்திரை குத்திக் கொடுத்த தேதி அது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் மார்பு எண்ணை எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாளே வடிகட்டுவார்கள். அந்தச் சுற்றில் மங்கலான படம் ஒன்றை அரை நிமிடம் திரையில் காட்டுவார்கள். படத்தில் எத்தனை பேர் தெரிகிறார்கள், ஆணா பெண்ணா, என்ன மனநிலை, என்ன வயது என்று ஒரு கட்டத்தில் குறித்துவிட்டு, நாலு நிமிடத்தில் கதை எழுத வேண்டும். ஆமாம், வயதும் குறிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது குனிந்து நிற்கிற ஓர் உருவம். நாற்பது என்று போட்டேன். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒரே கதைக்கு வர வேண்டும் என்று விவாதிக்கச் சொன்னார்கள். ஒருவன் அந்த ஆளுக்கு இருபத்திரண்டு என்றான், இன்னொருவன் அறுபது என்றான். அமராவதிநகர் சைனிக் பள்ளியிலிருந்து வந்த ஒரு பையன் இருபத்தெட்டு என்று அழுத்தமாகச் சொல்லி, வட்டத்தையே தன் பக்கம் திருப்பினான். அந்தப் பள்ளி 1962-லிருந்து இதற்கென்றே நடக்கிறது. பத்து வயதில் ஆறாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தவன் அவன், குரல் நெஞ்சிலிருந்து வந்தது. எனக்குக் குரல் உடைகிற பருவம். நாற்பதுக்காக வாதாட வாயைத் திறந்தேன். முதல் பாதி ஆண் குரலில் வந்தது, மறுபாதி என் தங்கை குரலில் வந்தது. மேற்பார்வை பார்த்த அதிகாரிகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் தேறியவர்களின் எண்களை வாசித்தார்கள். என்னுடையது இல்லை. பயணப்படி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்த சுபேதார், "மீசை வரட்டும், மறுபடி வா" என்றார். அந்த வளாகத்தில் என் சரியான வயதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை.

மீசை வந்தது. வருவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. என்னை உள்ளே விட்ட அதே தேதி, வெளியே தள்ளவும் ஆரம்பித்தது. 2003 ஜூலைப் பயிற்சிக்கு 1984 ஜூலைக்கு முன்னால் பிறந்தவன் வரக் கூடாது. மாசிப் பையனுக்கு அப்போது பதினெட்டரைக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் இரண்டு பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மே பையனோ கிழவனாகிவிட்டான். அம்மா ரொம்ப நேர்மையாக, "ஜாதகத்தைக் காட்டிப் பாரேன்" என்றாள்.

இப்படி ஒரு பிள்ளைக்கு இரண்டு வயது இருப்பது கரிசல்காட்டுக்கு மட்டும் உரிய பெருமை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். 2012-ல் அந்தப் பெருமையும் போயிற்று. அப்போதைய தரைப்படைத் தளபதி ஜெனரல் வி.கே. சிங்கின் வயது என்ன என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. மெட்ரிகுலேஷன் சான்றிதழில் 10 மே 1951. பள்ளியில் படிக்கும்போது பாதுகாப்பு அகாடமிக்குப் போட்ட விண்ணப்பத்தில் 10 மே 1950. (அவருக்கும் மே மாதம்தான், ராஜஸ்தானிலும் ஒரு பெரிய சார் இருந்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சபலம்.) ராணுவத் தலைமையகத்திலேயே ஒரு பிரிவு ஒரு வருடத்தையும், இன்னொரு பிரிவு மற்ற வருடத்தையும் நாற்பது ஆண்டுகளாகப் பத்திரமாகக் காத்து வந்திருக்கின்றன. 1966-ல் அகாடமி இருக்கிற கடக்வாஸ்லாவில் நுழைந்த அந்தப் பையனுக்குப் பதினைந்தா பதினாறா என்பதைப் பொறுத்து, லட்சக்கணக்கான பேர் உள்ள படையின் தளபதி 2012 மேயில் வீட்டுக்குப் போவாரா, இன்னும் பத்து மாதம் இருப்பாரா என்பது முடிவாக வேண்டும். அரசு 1950-தான் என்றது. பிப்ரவரி 10 அன்று அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், மே 31 அன்று ஓய்வு பெற்றார். செய்தியைப் படித்துக்கொண்டிருந்த மாமா, "நம்ம கூட்டம்தான்லே அவரு" என்றார். ஒரு தளபதியை அவர் அவ்வளவு உரிமையாகப் பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

ஏன் பதினாறரை? மாணவி கேட்டாள். ஆசிரியன் என்பதால் எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும். கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், தரைப்படை என்றால் அதற்கு மேல் டேராடூனில் ஒரு வருடம். பதினாறரையில் போகிறவன் இருபதரையில் லெப்டினென்டாக வெளியே வருவான். குழந்தைகளைப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்கிற ஐ.நா. நெறிமுறையை 2005-ல் இந்தியா ஏற்றபோதும் இதையேதான் எழுதிக் கொடுத்தது: பதினாறரையில் எடுப்போம், பதினெட்டு முடியாமல் களத்துக்கு அனுப்பமாட்டோம். ஆக, கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. மற்ற சட்டங்களை அதன் பக்கத்தில் வைக்காதவரைக்கும்.

பக்கத்தில் வைத்தால் வேடிக்கை. பதினாறரையில் பிளாட்டூன் நடத்தக் கற்கப் போகலாம். கியர் வைத்த பைக் ஓட்ட உரிமம் கிடையாது, அதற்குப் பதினெட்டு. எந்த அரசுக்காக உயிரைக் கொடுக்கத் தயார் என்கிறானோ அந்த அரசைத் தேர்ந்தெடுக்க ஓட்டு கிடையாது. அக்னிவீரர் திட்டத்தில் சிப்பாயாகச் சேர வேண்டுமானால் பதினேழரை ஆக வேண்டும். அவனுக்குக் கட்டளையிடப் போகிறவன் ஒரு வருடம் முன்னாலேயே உள்ளே போகலாம். மாமா கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். அப்புறம், விண்ணப்பிக்கிறவர் திருமணமாகாதவராக இருக்க வேண்டுமாம். ஆணுக்கு இருபத்தொன்றுக்கு முன்னால் கல்யாணத்துக்குச் சட்டம் இடம் கொடுக்காத நாட்டில், பதினாறரை வயதுப் பையனிடம் இதைக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது உயர விதி. குறைந்தபட்ச உயரம் கொஞ்சம் குறைந்தாலும், பதினெட்டு ஆகாதவர் என்றால் இரண்டு சென்டிமீட்டர் விட்டுக்கொடுப்பார்கள், இனிமேல் வளர்வார் என்று. முரட்டு அறிவிப்பு முழுவதிலும் பிள்ளை இன்னும் பிள்ளைதான் என்று ஒப்புக்கொள்கிற இடம் அது ஒன்றுதான்.

என் மாணவிக்கு இந்த வேடிக்கையெல்லாம் உறைக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு பிறந்தநாள்தான். அரசு மருத்துவமனையில் பிறந்தாள். டிஸ்சார்ஜ் சீட்டில் நிமிடம் வரை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நான்கிலும் ஒரே தேதி. நான்கையும் ஒன்றாக அடுக்கி அவள் காட்டியபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இவளை யாரும் தலையைச் சாய்க்கச் சொல்லவில்லை.

வயது வரம்பும் இப்போது தாராளம். மேல் எல்லை பத்தொன்பதரை ஆகிவிட்டது. செல்போனில் கணக்குப் பார்த்து, "நாலு தடவை எழுதலாம் சார்" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். நாங்கள் எம்ப்ளாய்மென்ட் நியூஸ் ஓரத்தில் பென்சிலால் கூட்டிக் கழித்து, 'பிந்தாமல்' என்றால் முன்னாலா பின்னாலா என்று மாமாவோடு சண்டை போட்ட கணக்கு அது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெண்களையும் தேர்வு எழுத விடச் சொன்னதும், முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே 30 அன்று கடக்வாஸ்லா அணிவகுப்பு மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் அவளுக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் எழுபது வருடம், ஒரு பெண் பதினாறரையில் இருந்தாலும் சரி பத்தொன்பதில் இருந்தாலும் சரி, அந்த வாசலுக்கு அவள் வயது பொருட்டே இல்லை. தேதியால் நான் உள்ளே வெளியே விளையாடிய காலத்தில், என் வகுப்பில் என்னைவிடக் கணக்கு நன்றாகப் போட்ட பெண்கள் அந்த அறிவிப்பைப் புரட்டக்கூட இல்லை. இந்த ஒன்றில் மட்டும் அந்தக் காலம் போல வருமா என்று என்னால் பெருமூச்சு விட முடியவில்லை.

இதற்கிடையில் என் மே மாதம் இன்னும் என்னை விடவில்லை. ஓய்வு வயதைத் தமிழக அரசு 58-லிருந்து 59 ஆக்கியது, மறு வருடமே 60 ஆக்கியது. சர்க்கார் இரண்டு வருடம் கொடுத்தது, பெரிய சார் அதில் ஒன்பது மாதத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டார். மாற்ற முடியுமா என்று அலுவலகத்தில் விசாரித்தேன். பணியில் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். ஆதாரம் என்ன இருக்கிறது என்றும் கேட்டார்கள். எம்.ஜி.ஆர். என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

மாணவியின் விண்ணப்பத்தை அனுப்பிய அன்று அவள் அப்பா பள்ளிக்கு வந்திருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் பட்டாளத்துக்குப் போவதில் அவருக்குப் பயமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். "எடுத்துருவாங்களா சார்?" என்றார். எழுத்துத் தேர்வு, அப்புறம் ஐந்து நாள் நேர்காணல், அப்புறம் மருத்துவப் பரிசோதனை என்று விளக்கினேன். இதில் தவறினாலும் பட்டம் முடித்துவிட்டு நம் சென்னை பரங்கிமலையிலேயே இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு முயற்சி செய்யலாம், இருபத்தைந்து வரைக்கும் நேரம் இருக்கிறது என்றேன். தலையாட்டினார். போகவில்லை. மகள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், சின்னவன் ஒருத்தன் இருக்கான். ஜூலை வந்தா நாலேமுக்கால்தான் ஆவுது. பக்கத்து ஸ்கூல் ஹெச்.எம். உங்க கூட்டாளிதானே? ஒரு மூணு மாசம் கூட்டிப் போடச் சொன்னா ஒண்ணாப்புல சேத்துரலாம்."

ஜூலை 31-க்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான் செல்லும், ஹெச்.எம். நினைத்தாலும் ஒரு நாள்கூடக் கூட்ட முடியாது என்றேன்.

"எனக்கெல்லாம் அப்படித்தான சார் போட்டாங்க?"

"எனக்கும்தான்."

"அப்புறம் என்ன, நீங்க நல்லாத்தான இருக்கீங்க" என்றார் அவர். "அவனை இன்னும் ஒரு வருஷம் வீட்டுல வச்சுக்கிட்டு யாரு சார் மேய்க்கிறது?"